கர்ப்பப்பைக்குள் ஒரு தையல்

கார்த்திகைத் தீபத் திருவிழாவின் 7-ம் நாள். திருவண்ணாமலையில் தேரோட்டம். மாட வீதியில் எள் போட்டால் எள் விழாது. "அரோகரா" சத்தம் காதைப் பிளக்கும். அந்தக் கூட்டத்தின் நடுவே ஒரு காட்சியை வெளியூர்க்காரர்கள் நின்று பார்ப்பார்கள்.

கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் ஒரு புடவையைத் தொட்டிலாகத் தொங்க விட்டிருப்பார்கள். உள்ளே ஒரு பச்சைக் குழந்தை தூங்கும். முன் பக்கம் தகப்பன், பின் பக்கம் தாய். இருவரும் தோளில் கரும்பைத் தாங்கி, மாட வீதியைச் சுற்றி வருவார்கள்.

பிள்ளை வரம் கேட்டு, பிள்ளை பிறந்த பிறகு செலுத்தும் நேர்த்திக்கடன் இது. இந்த ஊரை ஆண்ட வல்லாள மகாராஜாவுக்குப் பிள்ளை இல்லையாம். அண்ணாமலையாரே குழந்தையாக வந்தாராம். அந்த உறவை சுவாமி இன்றும் விடவில்லை. மாசி மாதம் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, மகன் முறையில் ராஜாவுக்குத் திதி கொடுத்து வருகிறார். பிள்ளைக்கு ஏங்கியவர்களின் ஊர் என்று திருவண்ணாமலையைச் சொன்னால் தவறில்லை.

அந்தத் தொட்டிலின் பின் பக்கத்தைத் தாங்கி வரும் தாயைப் பாருங்கள். 2019-21ல் மத்திய அரசு எடுத்த குடும்ப நலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறக்குறைய 45 ஆபரேஷன் பிரசவம். ஆகவே, தொட்டில் சுமக்கும் தாய்மார் பலருடைய அடிவயிற்றில் ஒரு தழும்பு இருக்கும். அதை அவள் பார்த்திருக்கிறாள். அவளுடைய தாயும் மாமியாரும் பார்த்திருக்கிறார்கள்.

அதற்கும் உள்ளே இன்னொரு தழும்பு இருக்கிறது. அதை அவள் பார்த்ததில்லை. குழந்தை இருந்த கர்ப்பப்பையைத் திறந்து, மறுபடியும் தைத்த இடம் அது. வெளித் தையல் பிரிந்தால் மருந்து வைத்து ஆற்றலாம். உள் தையல் பிரிந்தால் உயிருக்கே ஆபத்து. அடுத்த பிள்ளைக்கும் ஆபத்து. அந்த உள் தையலின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

சீசர் இப்படிப் பிறந்தாரா?

ரோமாபுரியின் ஜூலியஸ் சீசர் வயிற்றைக் கிழித்துப் பிறந்தவர், அதனால்தான் இந்த ஆபரேஷனுக்கு "சிசேரியன்" என்று பெயர் என்று பலர் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கூடச் சொல்லியிருப்பார். இது நம்பத்தக்கதல்ல. சீசரின் தாயார் அவுரேலியா, மகன் வளர்ந்து ஆளாகிப் பெரிய பதவிக்கு வரும்வரை உயிரோடு இருந்தவர். அந்தக் காலத்தில் வயிற்றைக் கிழித்தால் தாய் பிழைப்பது ஏது?

கர்ப்பிணி இறந்தால், வயிற்றைத் திறந்து குழந்தையை எடுத்த பிறகே அடக்கம் செய்ய வேண்டும் என்று ரோமாபுரியில் ஒரு சட்டம் இருந்தது. அதிலிருந்து இந்தப் பெயர் வந்திருக்கலாம். லத்தீனில் "வெட்டு" என்ற சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எப்படியானாலும் ஒன்று நிச்சயம். பல நூற்றாண்டுகளாக இது செத்த தாய்க்குச் செய்த காரியம்.

பிறகு ஐரோப்பிய டாக்டர்கள் உயிருள்ள தாய்க்கும் செய்து பார்த்தார்கள். குழந்தையை எடுத்தார்கள். வயிற்றுத் தோலைத் தைத்தார்கள். ஆனால் கர்ப்பப்பையை அப்படியே விட்டுவிட்டார்கள்! ஆம், வெட்டிய கர்ப்பப்பையைத் தைக்கவே இல்லை.

கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். அவர்களுக்கும் ஒரு காரணம் இருந்தது. பிள்ளை பிறந்ததும் கர்ப்பப்பை தானாகச் சுருங்கும். சுருங்கினால் வெட்டுவாயும் தானே மூடிக்கொள்ளும் என்று நம்பினார்கள். அதோடு, அந்தக் காலத்து நூல் உடம்புக்குள் கரையாது. வயிற்றை மூடிய பிறகு உள்ளே இருக்கும் நூலை யார் போய் எடுப்பது? உள்ளே கிடந்தால் சீழ் பிடிக்குமே என்று பயந்தார்கள்.

நடந்தது என்ன? மூடாத வெட்டுவாய் வழியாக ரத்தம் வயிற்றுக்குள் கொட்டியது. பின்னால் சீழும் பரவியது. பெரும்பாலான தாய்மார் இறந்தார்கள்.

ஆப்பிரிக்காவில் கண்ட அதிசயம்

1879ல் ராபர்ட் பெல்கின் என்ற ஆங்கிலேயர் ஆப்பிரிக்காவில் உகாண்டாவுக்குப் போனார். அங்கே கஹூரா என்ற ஊரில் உள்ளூர் வைத்தியர் ஒருவர் இந்த ஆபரேஷனைச் செய்வதை நேரில் பார்த்தார்.

பெண்ணுக்கு வாழைப்பழ மதுவைக் கொடுத்து அரை மயக்கத்தில் படுக்க வைத்தார்கள். அதே மதுவால் வைத்தியர் தம் கையையும் அவள் வயிற்றையும் கழுவினார். ஒரே கீறலில் வயிறு திறந்தது. ரத்தம் வந்த இடத்தைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் தொட்டு அடைத்தார்கள். குழந்தையை எடுத்த பிறகு, வைத்தியர் கர்ப்பப்பையைக் கையால் பிசைந்து சுருங்க வைத்தார். தோலை 7 இரும்பு ஊசிகளைக் குத்தி, மரப்பட்டை நாரால் கட்டி மூடினார். தாயும் பிழைத்தாள், சேயும் பிழைத்தது.

பள்ளிக்கூடமே பார்க்காத ஒரு வைத்தியரின் கைத்திறமை இது. ஆனாலும் அவரும் கர்ப்பப்பையைத் தைக்கவில்லை.

கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்

இதற்கு 3 வருஷம் முன்னால், 1876ல், இத்தாலியில் பாவியா நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஜூலியா கவல்லினி என்ற 25 வயதுப் பெண் வந்தாள். குள்ளமான உருவம். இடுப்பு எலும்பு வளைந்து குறுகி இருந்தது. குழந்தை அந்த வழியாக வெளியே வரவே முடியாது. அந்த ஆஸ்பத்திரியில் அதுவரை சிசேரியன் ஆன எந்தத் தாயும் பிழைத்ததில்லை.

எடுவார்டோ போரோ என்ற டாக்டர் துணிந்து ஒரு முடிவு செய்தார். "ரத்தம் கர்ப்பப்பையிலிருந்துதானே கொட்டுகிறது? கர்ப்பப்பையே இல்லாவிட்டால்?" என்று யோசித்தார். குழந்தையை எடுத்தார். கையோடு கர்ப்பப்பையையும் வெட்டி எடுத்துவிட்டார். ஜூலியா பிழைத்தாள். பெண் குழந்தையும் பிழைத்தது.

உயிர் மிஞ்சியது. ஆனால் இனி அவளுக்கு மறு பிள்ளை கிடையாது. உயிர் போவதைவிட இது மேல்தான். போரோவைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. ஆனாலும் இதைவிட நல்ல வழி இல்லையா என்ற கேள்வி டாக்டர்களை விடவில்லை.

வெள்ளிக் கம்பியும் பட்டு நூலும்

வழி சொன்னவர் ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து டாக்டர் மாக்ஸ் சேங்கர். அப்போது அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை. 1882ல் அவர் எழுதிய புத்தகத்தின் சாரம் ஒரே வரியில் அடங்கும்: கர்ப்பப்பையை எடுக்காதே, தைத்து மூடு.

அமெரிக்காவில் கென்டக்கி மாகாணத்தில் போலின் என்ற டாக்டர் 1852லேயே வெள்ளிக் கம்பியால் கர்ப்பப்பையைத் தைத்திருந்தார். அதுபோன்ற பழைய செய்திகளை எல்லாம் தேடிப் படித்தவர் சேங்கர். கர்ப்பப்பையின் தடித்த சதையை உள்ளே வெள்ளிக் கம்பியால் ஆழமாகத் தைப்பது. அதன்மேல் மெல்லிய பட்டு நூலால் இன்னொரு வரிசை தைத்து, மேல் சவ்வை மூடுவது. இதுதான் அவர் சொன்ன முறை. அந்தச் சமயத்தில் கிருமியைக் கொல்லும் மருந்துகளும், மயக்க மருந்தும் வந்துவிட்டன. எல்லாம் கூடி வந்தன. தாய்மார் பிழைக்கத் தொடங்கினார்கள். கர்ப்பப்பையும் மிஞ்சியது.

திண்டிவனத்தில் ஓர் இரவு

அங்கே இப்படி. நம் பக்கம் என்ன நிலை? திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகக் கிழக்கே போனால் திண்டிவனம். 1890-களில் அங்கே ஸ்கடர் என்ற அமெரிக்கப் பாதிரி டாக்டர் இருந்தார். நோயுற்ற தாயாரைப் பார்த்துக்கொள்ள அவருடைய மகள் ஐடா வந்திருந்தார். அவருக்கு 20 வயதுக்கு மேல் இருக்கும். மருத்துவம் படிக்கவில்லை. படிக்கும் எண்ணமும் இல்லை.

ஒரே இரவில் 3 பேர், ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூவருடைய மனைவிமாரும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தார்கள். "நீங்கள் வர வேண்டும்" என்று ஐடாவைக் கெஞ்சினார்கள். "எனக்கு வைத்தியம் தெரியாதே, அப்பாவை அழைத்துப் போங்கள்" என்றார் ஐடா. அந்நிய ஆண் கை படக் கூடாது என்று மூவரும் திரும்பிப் போய்விட்டார்கள். மறுநாள் விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டிருந்தார்கள்.

அந்த இரவுதான் ஐடாவை டாக்டராக்கியது. அமெரிக்கா போய்ப் படித்து, 1900ல் வேலூருக்குத் திரும்பினார். 1902ல் பெண்களுக்கு ஆஸ்பத்திரி வந்தது. 1918ல் பெண்களுக்காக மருத்துவப் பள்ளி தொடங்கினார். இன்று உலகம் அறிந்த வேலூர் சி.எம்.சி.யின் ஆரம்பம் இதுதான்.

சென்னையில் 1844லேயே பிரசவ ஆஸ்பத்திரி வந்துவிட்டது. அதுதான் இன்றைய எழும்பூர் தாய்-சேய் நல ஆஸ்பத்திரி. அங்கே பேர் பெற்றவர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார். 27 வருஷம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த அதே முதலியார்தான். டாக்டர் கிருஷ்ண மேனனுடன் சேர்ந்து அவர் எழுதிய பிரசவ மருத்துவப் புத்தகத்தைப் படித்துத்தான் நம் டாக்டர்கள் பல தலைமுறை தேறினார்கள். இன்னொரு விஷயம்: முதலியாரே இரட்டைப் பிள்ளைகளில் ஒருவர். கூடப் பிறந்தவர் சர் ஏ. ராமசாமி முதலியார்!

பாட்டியின் சுருக்குப் பை

இப்போது தையலுக்கு வருவோம். கர்ப்பப்பையில் எங்கே வெட்டுவது என்பதைப் பொறுத்துத்தான் தையலின் பலம்.

பாட்டி இடுப்பில் செருகும் சுருக்குப் பையைத் தலைகீழாகப் பிடியுங்கள். வாய் கீழே, பை மேலே. கர்ப்பப்பை ஏறக்குறைய இந்த வடிவம்தான். மேல் பகுதி தடித்த சதை. பிள்ளையை வெளியே தள்ளுவது அதன் வேலை. கீழ்ப் பகுதி மெல்லியது. பிரசவ காலத்தில் அது நீண்டு கொடுக்கும்.

பழைய டாக்டர்கள் மேல் பகுதியில், மேலிருந்து கீழாக நெட்டுக்கு வெட்டினார்கள். அங்கே ரத்தம் அதிகம். தைத்த பிறகும் அந்தச் சதை சுருங்குவதும் விரிவதுமாக இருக்கும். தைத்த துணியைத் தினமும் இழுத்துக்கொண்டே இருந்தால் தையல் என்ன ஆகும்? தளர்ந்துவிடும் அல்லவா?

1881ல் கேரர் என்ற ஜெர்மன் டாக்டர், ஹைடல்பர்க் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கீழ்ப் பகுதியில் குறுக்கு வாட்டில் வெட்டினார். தாயும் சேயும் பிழைத்தார்கள். ஆனால் உலகம் இதைக் கவனிக்கவில்லை. கிளாஸ்கோ நகரத்து மன்ரோ கெர் என்ற டாக்டர், 1920-களில் விடாமல் வாதாடித்தான் இந்த முறையை நிலைநாட்டினார். இன்று திருவண்ணாமலையானாலும் லண்டனானாலும் பெரும்பாலும் இந்தக் கீழ் வெட்டுதான். ரத்தம் குறைவு. அந்த இடம் சும்மா கிடப்பதால் தையல் நன்றாக ஆறும்.

தைக்கத் தெரிந்தவர்களுக்குப் புரியும்

ஆபரேஷன் மேஜையில் நடப்பதைக் கேளுங்கள். தைக்கத் தெரிந்த பெண்களுக்கு இது சட்டென்று புரியும்.

பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப் போகச் செய்கிறார்கள். தாய் விழித்திருக்கிறாள். குழந்தையின் முதல் அழுகையைக் கேட்கிறாள். நர்சு பிள்ளையைக் கொண்டுவந்து முகத்தருகே காட்டுகிறார். அவள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் டாக்டருக்குப் பெரிய வேலை ஆரம்பமாகிறது.

நிறை மாதக் கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாயும். ஆகவே நேரத்தை வீணாக்க முடியாது. முதலில் கர்ப்பப்பை சுருங்க மருந்து ஏற்றுகிறார்கள். நஞ்சுக்கொடியை எடுக்கிறார்கள். துண்டு துணுக்கு எதுவும் தங்காதபடி உள்ளே துணியால் துடைக்கிறார்கள். தங்கினால் பின்னால் ரத்தப் போக்கு, காய்ச்சல்.

வெட்டுவாயின் விளிம்புகளை இடுக்கிகளால் பிடிக்கிறார்கள். இந்த இடுக்கிக்கு "கிரீன் ஆர்மிடேஜ்" என்று பெயர். அந்தப் பெயருக்கு உரிய டாக்டர் கல்கத்தா ஈடன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். உலகமெங்கும் போன இந்த இடுக்கிக்கு நம் நாட்டோடு இப்படி ஒரு சொந்தம்.

முதல் ஊசி நடுவில் அல்ல, மூலையில். கர்ப்பப்பையின் இரு ஓரங்களிலும் பெரிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. மூலை விட்டுப்போனால் அங்கிருந்து ரத்தம் கசியும். ஆகவே வெட்டு முடிந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளியே முதல் முடிச்சு. ரொம்பவும் தள்ளிப் போகவும் கூடாது. பக்கத்தில் சிறுநீர்க் குழாய் இருக்கிறது.

பிறகு ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓட்டுத் தையல். சிலர் காஜா தைப்பதுபோல் ஒவ்வொரு சுற்றிலும் நூலைக் கோத்துப் பூட்டுவார்கள். ரத்தம் நிற்க அது உதவும். ஆனால் இறுக்கிவிடக் கூடாது. துணிக்கு உயிர் இல்லை, எவ்வளவு இறுக்கினாலும் தாங்கும். சதைக்கு உயிர் உண்டு. அளவுக்கு மேல் இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று, அந்த இடம் ஆறாமல் போகும். தளர்ந்தாலோ ரத்தம் வழியும். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் கைப் பழக்கம்.

நூல் என்ன நூல்? ரொம்ப காலம் "கேட்கட்" என்ற நூலைப் பயன்படுத்தினார்கள். "கேட்" என்றால் பூனை என்று பயப்பட வேண்டாம். ஆடு, மாடுகளின் குடலிலிருந்து செய்தது அது. இப்போது ரசாயன முறையில் செய்த நூல் வந்துவிட்டது. 3, 4 வாரம் பிடித்து நிற்கும். இரண்டு மாதம், இரண்டரை மாதத்தில் கரைந்து போகும். நூலை யார் போய் எடுப்பது என்று அந்தக் காலத்து டாக்டர்கள் கேட்டார்களே, அதற்குக் கடைசியில் கிடைத்த பதில் இதுதான்.

ஒரு வரிசையா, இரண்டு வரிசையா?

ஒரு வரிசை தைத்தால் போதுமா, அதன்மேல் இன்னொரு வரிசை போட வேண்டுமா? டாக்டர்களுக்குள் இது பெரிய சண்டை. இன்னொரு சண்டையும் உண்டு. சில டாக்டர்கள் கர்ப்பப்பையை வயிற்றுக்கு வெளியே தூக்கி வைத்துத் தைத்து, மறுபடி உள்ளே வைப்பார்கள். சிலர் இருந்த இடத்திலேயே தைப்பார்கள். கேட்டால் குலை நடுங்கும். தாய்க்கோ மரத்துப் போயிருப்பதால் வலி தெரியாது.

இந்தச் சண்டையைத் தீர்க்க, இந்தியா உள்பட 7 நாடுகளில் சுமார் 16,000 தாய்மாரை வைத்துப் பரீட்சை செய்தார்கள். "கொரோனிஸ்" என்று அதற்குப் பெயர். 2013ல் முடிவு வந்தது. 3 வருஷம் கழித்து அந்தத் தாய்மார் எப்படி இருக்கிறார்கள் என்றும் பார்த்து, 2016ல் மறுபடி சொன்னார்கள். ஒரு வரிசையோ இரண்டு வரிசையோ, உள்ளேயோ வெளியேயோ, குடல் நூலோ ரசாயன நூலோ, பெரிய வித்தியாசம் இல்லை! இத்தனை வருஷம் சண்டை போட்டவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் தழும்பின் உள்பக்கம் சிலருக்குச் சிறு பள்ளம் விழுவதை ஸ்கேன் காட்டுகிறது. ஆகவே ஆராய்ச்சி நின்றபாடில்லை.

மூட்டை கட்டுவது போல

சில சமயம் வெட்டுவாயைச் சரியாகத் தைத்தும் ரத்தம் நிற்காது. கர்ப்பப்பை சுருங்க மறுத்து, ஈரத் துணிபோல் துவண்டு கிடக்கும். மருந்துக்கும் மசியாது. இந்த இடத்தில் டாக்டர்கள், போரோ செய்ததையே செய்வார்கள். உயிர் வேண்டுமா, கர்ப்பப்பை வேண்டுமா?

சியரா லியோன் என்ற ஆப்பிரிக்க நாட்டில் பிறந்து, இங்கிலாந்தில் வேலை பார்த்த டாக்டர் கிறிஸ்டபர் பி-லிஞ்ச் ஒரு யோசனை கண்டுபிடித்தார். மூட்டையைக் கயிற்றால் கட்டுவதுபோல், முன்னும் பின்னும் கர்ப்பப்பையின் மேலாக நூலைப் போட்டு இறுக்குவது. கை கொண்டு பிழிந்து பிடித்ததைப்போல் நூல் பிடித்துக்கொள்ளும். 1997ல் 5 பெண்களுக்கு இதைச் செய்து வெற்றி கண்டதை அவர் எழுதினார். உகாண்டா வைத்தியர் கையால் பிசைந்ததை, நூல் செய்கிறது. இன்று உலகம் முழுவதும் டாக்டர்கள் இதைக் கற்கிறார்கள். எத்தனையோ பெண்களுக்குக் கர்ப்பப்பை மிஞ்சியிருக்கிறது.

"சீட்டு இருக்கா?"

தையல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதன் உண்மையான சோதனை அடுத்த பிரசவத்தில்தான். பிரசவ வார்டில் இப்படி ஒரு பேச்சை அடிக்கடி கேட்கலாம்.

"எத்தனாவது பிரசவம்மா?"

"ரெண்டாவதுங்க, சிஸ்டர்."

"முதல் குழந்தை?"

"ஆபரேஷன்ங்க."

"எங்க செஞ்சாங்க? சீட்டு இருக்கா?"

"ஊட்ல எங்கியோ இருக்குங்க. எங்க அத்தைதான் வெச்சாங்க."

அத்தை வைத்த இடம் அத்தைக்கே மறந்திருக்கும். அந்தச் சீட்டில்தான் கீழ் வெட்டா, நெட்டு வெட்டா என்று எழுதியிருக்கிறது. தோலின்மேல் தெரியும் தழும்பை வைத்து இதைச் சொல்ல முடியாது. வெளியே குறுக்குத் தழும்பு இருந்தாலும் உள்ளே நெட்டு வெட்டு இருக்கலாம்.

கீழ் வெட்டு ஆன தாய்க்கு அடுத்தது சுகப் பிரசவம் ஆகவும் வழி உண்டு. முயன்று பார்ப்பவர்களில் நாலில் மூன்று பேருக்கு ஏறக்குறைய ஆகிவிடுகிறது. ஆனால் வலி எடுக்கும்போது 1,000 பேரில் சுமார் 5 பேருக்குப் பழைய தையல் இடம் பிரிந்துவிடுகிறது. பிரிந்தால் நிமிஷக் கணக்கில் ஆபரேஷன் மேஜைக்குப் போக வேண்டும். ஆகவே ஜவ்வாது மலையில் ஒரு வீட்டில் உட்கார்ந்து, "வலி முற்றட்டும், பார்க்கலாம்" என்று இருக்க முடியாது. நாள் நெருங்கும்போதே டாக்டர்கள் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அருகே வந்துவிட வேண்டும். நெட்டு வெட்டு என்றால் வலி எடுக்கவே விடக் கூடாது. முன்னதாகவே ஆபரேஷன். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த பிரசவத்துக்கும் நடுவே 18 மாதம்கூட இல்லை என்றால், தையல் பிரியும் ஆபத்து இன்னும் கூடுகிறது.

இன்னொரு அபாயமும் இருக்கிறது. அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி கீழே, வாயை அடைத்தபடி ஒட்டினால், பழைய தழும்புக்குள்ளேயே வேர் விட்டுவிடக் கூடும். பிடுங்கினால் ரத்தம் ஆறாகப் பெருகும். நஞ்சு அப்படிக் கீழே இருப்பவர்களில், ஒரு சிசேரியன் ஆனவர்களில் 100க்கு 11 பேருக்கு இது நேர்ந்தது. இரண்டு ஆனவர்களில் 100க்கு 40. அமெரிக்காவில் 2006ல் வெளியான கணக்கு இது. தையல் கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது.

இதனால்தான் ஜோசியர் குறித்த நல்ல நேரத்துக்காக, தேவை இல்லாத தாயைக் கத்திக்குக் கீழே படுக்க வைப்பது எனக்குப் பிடிப்பதில்லை. ஒரு நாட்டில் 100 பிரசவத்தில் 10 வரை ஆபரேஷன் ஆகும்போது தாய்-சேய் மரணம் குறைகிறது, அதற்கு மேல் போவதால் குறைவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொன்னது. நாம் 45ல் நிற்கிறோம். அந்த 10 பேருக்கு இந்தத் தையல் உயிர். திண்டிவனத்துப் பெண்கள் மூவருக்கும் கிடைக்காமல் போனது அதுதான்.

ஆபரேஷன் முடியும் நேரம். டாக்டர் கடைசி முடிச்சைப் போடுகிறார். தையல் ஓரத்தில் ஒரு சொட்டு ரத்தமாவது வருகிறதா என்று குனிந்து பார்க்கிறார். நர்சு ஊசிகளையும் துணிகளையும் வாய்விட்டு எண்ணுகிறார். எடுத்த கணக்கும் எண்ணிய கணக்கும் சரியாக இருந்தால்தான் வயிற்றை மூடுவார்கள். இரண்டு மூன்று வருஷம் கழித்து அதே தாய் மறு பிள்ளைக்கு மேஜைமேல் படுக்கும்போது, வேறொரு டாக்டர் உள்ளே பழைய தையலைத் தேடுவார். பலருக்கு ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும். சிலருக்கு எங்கே தைத்தார்கள் என்றே தெரியாது.